192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் உடுக்கை ஒலி கூடுமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். இன்று ரேணுகாம்பாள் கோவிலால் அறியப்படுகிறது. வட தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த அம்மன்தான் குலதெய்வம். ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இந்தப் பகுதி அம்மன் வழிபாட்டில் பம்பை, உடுக்கை, சிலம்பு மூன்றும் முக்கியம். பாட்டுக்காரர் அம்மன் கதையைப் பாட, பம்பையும் உடுக்கையும் சேர்ந்து முழங்கும். 1980களிலும் 1990களிலும் வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்த போது, இந்தப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து வைத்துக் கொண்டவர்கள் பலர். கடையில் விற்ற கேசட் வேறு. அது எங்காவது ஒரு பிரதி கிடைத்து விடும். தாத்தாவோ மாமாவோ பொங்கல் வைத்த அன்று தன் கையால் பதிந்த கேசட்டுக்கு உலகத்திலேயே ஒரு பிரதிதான் உண்டு. அதில் பாடியவர் இன்று இல்லாமல் போயிருக்கலாம். பதிந்த டேப் ரெக்கார்டரும் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

உங்கள் வீட்டு பீரோவில் அப்படி இருபது கேசட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி விடலாம் என்று ஆடாசிட்டி போன்ற இலவச சாஃப்ட்வேரைத் திறக்கிறீர்கள். சாம்பிளிங் ரேட் என்ற மெனுவில் 44100, 48000, 96000, 192000 என்று வரிசையாக எண்கள் நிற்கின்றன. எதைத் தேர்வு செய்வீர்கள்? ஒரே ஒரு பிரதி உள்ள பொருள் ஆயிற்றே என்று பெரிய எண்ணைத்தான் கை தேடும். வெளியே கொடுத்து மாற்றுவதாக இருந்தால் ‘ஹை-ரெஸ்’ என்ற பெயரில் கூடுதல் பணமும் கேட்பார்கள். அந்தப் பணத்துக்கு உடுக்கை ஒலி கூடுமா என்பதுதான் நம் கேள்வி.

சாம்பிளிங் என்றால் என்ன?

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. மைக் அதை ஏறி இறங்கும் மின் அலையாக மாற்றுகிறது. இந்த அலையைக் கம்ப்யூட்டர் அப்படியே வாங்கிக் கொள்ளாது. அதற்கு எண்கள்தான் தெரியும். எனவே ஸவுண்ட் கார்டு குறிப்பிட்ட கால இடைவெளியில் அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதிக் கொண்டே போகிறது. ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே சாம்பிளிங் ரேட். ஆடியோ சிடியில் இது 44,100. அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பது பிட் டெப்த். சிடியில் 16 பிட். 65,536 படிகளில் ஒன்றாக அந்த உயரம் குறிக்கப்படும்.

44,100 என்ற இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. சிடி 1982இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்கு இடம் தந்த, எளிதில் கிடைக்கும் சாதனம் வீடியோ டேப்தான். அமெரிக்க டிவி முறையில் விநாடிக்கு 60 ஃபீல்டு, ஒவ்வொன்றிலும் பயன்படுத்தக் கூடிய 245 கோடு, ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள். பெருக்கிப் பாருங்கள், 44,100. ஐரோப்பிய முறையில் 50 ஃபீல்டு, 294 கோடு, 3 சாம்பிள். அதுவும் 44,100. இரண்டு முறைக்கும் பொருந்திய எண் என்பதால் அது நிலைத்து விட்டது.

புள்ளிகள் கூடினால் வட்டம் உருண்டையாகுமா?

ஹை-ரெஸ் விளம்பரங்களில் ஒரு படம் போடுவார்கள். சிடி ஒலி என்று படிக்கட்டு போல ஒரு கோடு. பக்கத்தில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று வழவழப்பான வளைவு. பார்த்தவுடன் ‘அடடா, சிடியில் இவ்வளவு விட்டுப் போகிறதா’ என்று தோன்றும். அந்தப் படம் தவறு.

பள்ளியில் படித்த ஒரு கணக்கை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைக் கொடுத்தால், அவற்றின் வழியாக ஒரே ஒரு வட்டம்தான் வரைய முடியும். முப்பது புள்ளி கொடுத்தாலும் வருவது அதே வட்டம்தான். அது இன்னும் உருண்டையாகி விடாது. சாம்பிளிங்கிலும் இதே கதை. அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுத்தால் போதும். அந்தப் புள்ளிகள் வழியாகச் செல்லக் கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். அதை முழுமையாகத் திரும்பப் பெறலாம். பெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி நைக்விஸ்ட் 1928இல் இதற்கு அடித்தளம் போட்டார். ரஷ்யாவின் கோடெல்னிகோவ் 1933இலும், க்ளாட் ஷானன் 1949இலும் கணித நிரூபணத்தை வெளியிட்டார்கள். ஸவுண்ட் கார்டில் இருந்து ஸ்பீக்கருக்குப் போகும் மின் அலையை ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் படிக்கட்டு எதுவும் தெரியாது. வெளியேறும் வழியில் உள்ள ஃபில்டர் அதை வழவழப்பான அலையாகத்தான் அனுப்புகிறது.

மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. அதுவும் இளம் வயதில். வயது ஏற ஏற மேல் பக்கம் குறைந்து கொண்டே வரும். நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு 15,000, 16,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டாலே பெரிய விஷயம். 20,000இன் இரண்டு மடங்கு 40,000. ஃபில்டருக்குக் கொஞ்சம் இடம் விட்டு 44,100. காது கேட்கும் எல்லை முழுவதும் இதில் அடங்கி விட்டது.

இரண்டு மடங்குக்குக் குறைவாக எடுத்தால் என்ன ஆகும்? பழைய சினிமாவில் வேகமாக ஓடும் குதிரை வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போல் தெரியும் அல்லவா? விநாடிக்கு 24 படம் என்ற சாம்பிளிங் அந்தச் சக்கரத்தின் வேகத்துக்குப் போதவில்லை. ஒலியிலும் இதே போல, மேலே உள்ள அதிர்வெண் பொய்யான கீழ் அதிர்வெண்ணாக வந்து உட்காரும். இதைத் தடுக்க, சாம்பிள் எடுப்பதற்கு முன்பே எல்லைக்கு மேற்பட்டதை ஃபில்டர் வெட்டி விடும். ஆரம்ப கால சிடி கருவிகளில் இந்த ஃபில்டர்கள் அவ்வளவு நேர்த்தியாக இல்லை. ‘டிஜிட்டல் ஒலி காதைக் குத்துகிறது’ என்ற அன்றைய புகாருக்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய சிப்புகள் உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுத்து, சுத்தமாக வடிகட்டி, பிறகுதான் 44.1 ஆகக் குறைத்துத் தருகின்றன. நூறு ரூபாய் பொருளிலும் இந்த வசதி வந்து விட்டது.

இன்னொரு வாதமும் உண்டு. 44.1இல் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே சுமார் 22.7 மைக்ரோ விநாடி இடைவெளி இருக்கிறது, உடுக்கையில் விரல் தட்டும் கணம் அந்த இடைவெளியில் விழுந்தால் தவறிப் போகாதா என்பார்கள். தவறாது. அலையின் வளைவு முழுவதும் திரும்பக் கிடைக்கிறது என்றால், அது எந்தக் கணத்தில் எழுந்தது என்பதும் சேர்ந்தே கிடைக்கிறது. 16 பிட்டில் இந்த நேரத் துல்லியம் சாம்பிள் இடைவெளியை விடப் பல மடங்கு நுணுக்கமானது.

சிலம்பில் 20,000க்கு மேல் ஒலி இல்லையா?

இருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. உலோகம் உலோகத்தோடு மோதினால் மிக உயர்ந்த அதிர்வெண்கள் பிறக்கும். அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஜேம்ஸ் பாய்க் என்பவர் பல இசைக் கருவிகளை அளந்து பார்த்தார். சிம்பல் என்னும் பெரிய தாளத் தட்டின் ஒலி ஆற்றலில் சுமார் 40 சதவீதம் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது. சிலம்பும் சலங்கையும் அந்த ஜாதிதான்.

கேள்வி அது நமக்குக் கேட்கிறதா என்பதுதான். ஜப்பானில் ட்ஸுடோமு ஓஹாஷி குழுவினர் பாலித் தீவின் கேமலான் என்னும் உலோக வாத்திய இசையை வைத்துச் சோதித்து, காதுக்கு எட்டாத அதிர்வெண்கள் சேரும் போது மூளையின் செயல்பாடு மாறுகிறது என்று 2000இல் கட்டுரை வெளியிட்டார்கள். பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் அதே ஜப்பானில் என்எச்கே வானொலி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய கேட்கும் சோதனையில், அந்த மேல் அதிர்வெண் இருப்பதையும் இல்லாததையும் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதிகம் மேற்கோள் காட்டப்படும் சோதனை பாஸ்டனில் நடந்தது. மேயர், மோரன் என்ற இருவர் ஹை-ரெஸ் டிஸ்க்குகளை ஓட விட்டு, நடுவே ஒரு சுவிட்ச் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டால் அதே ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியாகச் சுருங்கி வரும். எது எது என்று கேட்பவருக்குச் சொல்ல மாட்டார்கள். 554 முறை சோதித்ததில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். 2007இல் இது வெளியான போது, அவர்கள் பயன்படுத்திய டிஸ்க்குகளில் சில பழைய பதிவுகளில் இருந்து எடுக்கப்பட்டவை என்ற விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம்தான்.

எனவே 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் அதுவரை வந்த 18 சோதனைகளை ஒன்று சேர்த்துக் கணக்குப் போட்டார். 12,000க்கும் மேற்பட்ட கேட்புகள். சரியான விடை 52.3 சதவீதம். காசு சுண்டுவதை விட 2.3 சதவீதம் அதிகம். பயிற்சி பெற்ற காதுகளுக்கு இது சுமார் 60 வரை போனது. ஹை-ரெஸ் பிரியர்கள் இந்தக் கட்டுரையைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். நல்ல கருவி, அமைதியான அறை, பயிற்சி, முழுக் கவனம் எல்லாம் இருந்தும் இவ்வளவுதான் வித்தியாசம் என்றால், ஃபேன் ஓடும் கூடத்தில் நாம் கேட்பதற்கு என்ன கிடைக்கப் போகிறது?

எஃப்எம் வானொலியில் ஒலி 15,000 ஹெர்ட்ஸோடு வெட்டப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? பழைய மத்திய அலை ஒலிபரப்பு அதிலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. விவித பாரதியில் கேட்டு நாம் மனப்பாடம் செய்த பாட்டுகள் எல்லாம் அந்தக் குறுகிய சந்தின் வழியாக வந்தவைதான்.

கேசட்டில் இருப்பது எவ்வளவு?

இப்போது நம் படவேட்டுக் கேசட்டுக்கு வருவோம். அந்த ஒலி எத்தனை கை மாறி டேப்புக்கு வந்தது என்று பாருங்கள். பாட்டுக்காரர் மைக்கில் பாடுகிறார். ஆம்ப்ளிஃபையர் வழியாக மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குப் போகிறது. பேச்சைத் தூரத்துக்குக் கொண்டு போகச் செய்த ஸ்பீக்கர் அது. அடியில் பம்பையின் கனமும் போய் விடும், மேலே சிலம்பின் மினுமினுப்பும் மங்கி விடும். பக்கத்தில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரின் உள்ளேயே இருக்கும் சின்ன மைக்கில் பதிந்திருந்தால் அது இன்னொரு வடிகட்டி. பிறகு கேசட். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகரும் மெல்லிய டேப். நல்ல டெக்கில், நல்ல டேப்பில் 15,000 ஹெர்ட்ஸ் வரை வரும். கையடக்க டேப் ரெக்கார்டரில் 10,000 வந்தால் அதிர்ஷ்டம். ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் 50 முதல் 60 டெசிபல். 16 பிட் தரக் கூடியது 96 டெசிபல்.

ஆக, 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் என்ற பாத்திரத்தில் இந்தக் கேசட் பாதி கூட நிரம்பாது. 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் கூடுதலாகக் கிடைப்பது டேப்பின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலின் மேல் பகுதி. அதுவும் காதுக்குக் கேட்காத பகுதி.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஆடாசிட்டியில் பதிந்த ட்ராக்கின் பெயர் மீது க்ளிக் செய்து, வரும் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழிருந்து மேலாக அதிர்வெண், இடமிருந்து வலமாக நேரம். உடுக்கை அடி ஒவ்வொன்றும் செங்குத்துக் கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் எந்த உயரத்தில் மறைகின்றனவோ, அதுதான் உங்கள் கேசட்டின் எல்லை. அதற்கு மேல் வெறும் மூட்டம். சில கேசட்டுகளில் 15,625 ஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு நேர்க்கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். பதிந்த போது பக்கத்தில் பழைய படக்குழாய் டிவி ஓடிக் கொண்டிருந்திருக்கிறது. அந்த டிவிகள் எழுப்பும் கீச்சொலி அது.

இடத்துக்கும் ஒரு விலை உண்டு

ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட்டில் சுமார் 635 எம்பி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் 1.04 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் 2.07 ஜிபி. 192இல் 4.15 ஜிபி. சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபி அளவோடு முட்டிக் கொள்ளும் என்பதால், 90 நிமிடக் கேசட்டை 192இல் ஒரே ஃபைலாகச் சேமிக்கவும் முடியாது. இருபது 90 நிமிடக் கேசட்டுகளை 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதிந்தால் 31 ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கி விடும், இரண்டு மூன்று நகல் எடுத்துச் சொந்தங்களிடம் கொடுத்து வைக்கலாம். 192இல் இதுவே 124 ஜிபி. ஹார்ட் டிஸ்க் மலிந்து விட்ட காலத்தில் இது ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். நகல் எடுப்பதும், வாட்ஸ்ஆப்பில் அண்ணனுக்கு அனுப்புவதும் கடினமாகும் போது யாரும் நகல் எடுப்பதில்லை. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடந்து, அது ஒரு நாள் மண்டையைப் போட்டால் எல்லாம் போய் விடும். வெளியே கொடுப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. கூடுதல் கட்டணத்துக்குப் பயந்து இருபதில் ஐந்தை மட்டும் மாற்றினால், மீதிப் பதினைந்தும் பீரோவிலேயே வீணாகும்.

192இல் ஒரு எதிர்விளைவும் உண்டு. ஓக் வோர்பிஸ் என்ற ஒலி முறையை உருவாக்கிய க்றிஸ் மான்ட்கோமரி 2012இல் இதை விளக்கமாக எழுதினார். காதுக்குக் கேட்காத அதிர்வெண்களை எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒழுங்காகக் கையாளுவதில்லை. அவை ஒன்றோடொன்று கலந்து, கேட்கக் கூடிய எல்லைக்குள் இல்லாத ஒலிகளைப் பிறப்பிக்கும். கேட்காததைச் சேர்க்கப் போய், கேட்பதைக் கெடுத்துக் கொள்வது.

காப்பகங்கள் மட்டும் ஏன் 96 என்கின்றன?

விஷயம் தெரிந்த வாசகர்கள் இங்கே மடக்குவார்கள். உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா, பழைய அனலாக் பதிவுகளைக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மாற்ற வேண்டும் என்கிறது. பெரிய காப்பகங்கள் பலவும் 96 கிலோஹெர்ட்ஸையே வழக்கமாக வைத்திருக்கின்றன. அவர்களுக்குக் காது இல்லையா?

அவர்களின் தேவை வேறு. ஒரு டேப்பை மாற்றிய பிறகு அது திரும்ப ஓடுமா என்ற உறுதி இல்லை. கீறல், சொடக்குச் சத்தம் போன்றவற்றை நீக்கும் சாஃப்ட்வேருக்கு, அந்தச் சொடக்கின் கூர்மை முழுதாகப் பதிவாகி இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. நாளை யார் என்ன ஆராய்ச்சி செய்வார்கள் என்றும் தெரியாது. எனவே வேலைக்கான கச்சாப் பொருளாக அதிகம் எடுத்து வைக்கிறார்கள். 24 பிட் என்பதற்கு இன்னும் நேரடியான பயன் உண்டு. அளவைக் கொஞ்சம் தாழ்வாக வைத்துப் பதிந்தாலும் இரைச்சல் கூடாது. பம்பை திடீரென்று முழங்கும் போது அலையின் தலை வெட்டுப்படாது. வெட்டுப்பட்ட தலையை எந்த சாஃப்ட்வேராலும் சரியாக ஒட்ட முடியாது. எனவே நம் வீட்டு வேலைக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதே என் சிபாரிசு. சிடியின் 44.1ஐ விட ஒலி கூடும் என்பதற்காக இல்லை. வீடியோவோடு சேர்க்கும் போது 48தான் வழக்கம், பெரும்பாலான ஸவுண்ட் சிப்புகளின் இயல்பான வேகமும் அதுதான்.

பணமும் நேரமும் எங்கே போக வேண்டும்?

டெக்கில். இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கேசட் டெக்குகளை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பை சோனி 2010இலேயே நிறுத்தி விட்டது. பழைய நல்ல டெக் ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இரவல் வாங்குங்கள். யுஎஸ்பி கேசட் ப்ளேயர் என்று மலிவாக விற்பவற்றில் மோட்டாரும் ஹெட்டும் சுமார் ரகம். வேகம் ஆடும், பாட்டு அலைபாயும்.

ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழுப்பாக அழுக்கு வரும். ரப்பர் உருளையையும் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அடுத்தது ஆஸிமத். கேசட் ஹெட்டின் பக்கத்தில் ஸ்ப்ரிங் வைத்த ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். டேப் ஓடும் திசைக்கு ஹெட்டின் இடைவெளி சரியான செங்குத்தாக நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பதிந்த மெஷினின் ஹெட் ஒரு கோணம், ஓட்டும் மெஷினின் ஹெட் இன்னொரு கோணம் என்றால் மேல் அதிர்வெண்கள் அப்படியே மடிந்து போகும். கேசட்டை ஓட விட்டு, ஒலியை மோனோவாக வைத்து, சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். போர்வையை விலக்கியது போல ஒரு இடத்தில் சிலம்பு பளிச்சென்று கேட்கும். அங்கே நிறுத்துங்கள். 44.1க்கும் 192க்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடி அலைபவர்கள் இந்த ஒரு ஸ்க்ரூவின் வித்தியாசத்தைக் கேட்டால் அசந்து போவார்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். திருப்பும் முன் ஸ்க்ரூ எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக் கொள்வது நல்லது.

டெக்கின் லைன் அவுட்டில் இருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு இணையுங்கள். இன்றைய லேப்டாப்களில் லைன் இன் இருப்பதில்லை. ஹெட்செட்டுக்கான ஒற்றைத் துளையில் செருகினால் அது மைக் உள்ளீடு. ஒலி கரகரக்கும், மோனோவாகத்தான் பதியும். சின்ன யுஎஸ்பி குச்சிகளிலும் பெரும்பாலும் மைக் உள்ளீடு மட்டுமே இருக்கிறது. லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குவது நல்ல செலவு. பதியும் போது மீட்டரில் மிக உயர்ந்த அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். விண்டோஸின் ஸவுண்ட் செட்டிங்கிலும் 48000 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். இது முக்கியம். விண்டோஸ் தன் மிக்ஸரில் எல்லா ஒலியையும் ஒரே ரேட்டுக்கு மாற்றித்தான் கொடுக்கும். அங்கே 48 என்றும் ஆடாசிட்டியில் 192 என்றும் இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது வெறும் ஊதிப் பெருக்கிய 48.

பாட்டு இயல்பை விட வேகமாக, கீச்சுக் குரலில் ஓடுகிறதா? பதியும் போது பேட்டரி தீரும் நிலையில் இருந்திருக்கும். மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்தது, சரியான மெஷினில் வேகமாக ஓடுகிறது. ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் எஃபெக்ட் இருக்கிறது. எவ்வளவு மாற்றுவது என்பதற்கு ஒரு தந்திரம் சொல்கிறேன். அந்த ஆம்ப்ளிஃபையர் மின்வாரிய கரன்ட்டில் ஓடியிருந்தால், பின்னணியில் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் பதிந்திருக்கும். ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் அது 53இல் தெரிந்தால் டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். ஜெனரேட்டரில் ஓடிய ஆம்ப்ளிஃபையர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

பதிந்ததை ஃப்ளாக் ஃபைலாகச் சேமியுங்கள். ஒரு பிட் கூட இழக்காமல் அளவு ஏறக்குறைய பாதியாகும். எம்பி3 என்பது பிறருக்கு அனுப்ப மட்டும்.

நம்பவில்லையா? சோதித்துப் பாருங்கள்

உங்கள் கருவி 96 கிலோஹெர்ட்ஸ் தரும் என்றால், விண்டோஸிலும் ஆடாசிட்டியிலும் 96 வைத்து ஒரு நிமிடம் பதியுங்கள். அதன் பிரதி ஒன்றை 44.1க்குக் குறைத்து, மறுபடி 96க்கு ஏற்றுங்கள். இப்போது இரண்டு ஃபைலும் 96தான், ஆனால் இரண்டாவதில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஃபூபார்2000 என்ற இலவச ப்ளேயருக்கு ஏபிஎக்ஸ் என்ற துணை சாஃப்ட்வேர் கிடைக்கிறது. எந்த ஃபைல் ஓடுகிறது என்று சொல்லாமல் அது ஓட்டும், நீங்கள் சொல்ல வேண்டும். 16 முறை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான் உண்டு. எனவே 12ஐத் தொட்டால் உங்களுக்கு ஏதோ கேட்கிறது என்று எடுத்துக் கொள்ளலாம். கம்பி வைத்த ஹெட்ஃபோனில் செய்யுங்கள். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன் தன் பங்குக்கு ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆப்பிள் 2021இல் தன் இசைச் சேவையில் 192 கிலோஹெர்ட்ஸ் வரை கொடுக்க ஆரம்பித்த போதே, ப்ளூடூத்தில் அது முழுதாக வராது என்று சொல்லி விட்டது.

கேசட்டை வெளியே கொடுத்து, பணம் கட்டி ஹை-ரெஸ் ஃபைல் வாங்கி வந்தவர்கள் அதையும் ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல, மேலே டேப் இரைச்சல் கூட இல்லாமல் மொத்தமும் கறுப்பாக இருந்தால், அது எம்பி3யாகப் பதிந்து பிறகு ஊதப்பட்டது. டேப் இரைச்சல் அப்படிக் கோடு போட்டு நிற்காது. தாராளமாகத் திருப்பிக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம்.

இந்த ஆடிக்குப் போனில் புதிதாகப் பதியப் போகிறவர்களுக்கு ஒன்று. ஸ்பீக்கருக்கு எதிரே நிற்காதீர்கள். பாட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, பம்பையில் இருந்து ஏழெட்டு அடி தள்ளி நின்று பதியுங்கள். தானாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்தக் கூடிய ரெக்கார்டிங் ஆப் ஒன்றை முன்கூட்டியே ஏற்றிக் கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் போதும். பதிந்து முடித்ததும் ஃபைலின் பெயரிலேயே பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி விடுங்கள். பழைய கேசட்டை மாற்றும் போதும் அப்படியே. அட்டையில் பேனாவால் எழுதியிருப்பதைப் படம் பிடித்து அதே ஃபோல்டரில் போடுங்கள். வேலை முடிந்தது என்று கேசட்டைத் தூக்கி எறிந்து விடாதீர்கள்.